பார்க்காமல் போன கடைசிக் கட்டு

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்ற நாளில் "சாப்புட வாங்க மாமா" என்று முடிகிற பேச்சு, சண்டை நாளில் "சோறு எடுத்து வெச்சிருக்குதுங்க, ஆறிப் போறதுக்குள்ள வந்து சாப்புட்டுட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்று நீளும். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால், என்ன பாந்தமான குடும்பம் என்று மெச்சிக்கொண்டு போவார். உள்ளே இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு கல் என்று தெரியும். இரண்டு மாதமாக என் கணவர் தலையில் நான் அந்தக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாரம் தாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செல்போனைக் கையில் பிடித்தபடி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, மத்தியான ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கறேன்."

"அப்படிங்களா. நல்லதுங்க."

"உனக்கும் சேத்தித்தான்."

"எதுக்குங்க வீண் சிரமம்."

"காதல் படம் புள்ள. ராஜா காலத்துக் காதல். காசைக் கொட்டி எடுத்திருக்கறாங்களாமா. நீ எழுதறயே, அதையாட்டவே இருக்குதாமா."

நான் எழுதுவது எதையாட்ட இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. கவிதை என்று அனுப்பினால் உரைநடை என்பார்கள், உரைநடை என்று அனுப்பினால் கவிதை என்பார்கள். தையல் பிரிந்து இரண்டு பக்கமும் நூல் தொங்குகிற ஏதோ ஒன்று. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. மன்னிப்பு என்கிற சொல்லை வாயில் எடுக்கத் தெரியாத மனிதர், அதைச் சொல்ல ஒரு சினிமாப் படத்தைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார் என்று புரிந்தது. அவர் சினிமாவுக்கு அழுகிறவர். யூனிட்டில் கரண்ட் போனாலும், பெரிய கம்பெனிக்காரன் லோடைத் திருப்பி அனுப்பினாலும் கல்லாக நிற்பார். திரையில் கதாநாயகி ரயிலேறினால் தேம்புவார். மூன்று மணி நேரம் அவரோடு சேர்ந்து நானும் அழுதுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

நான் கேட்டதோ ஒரே ஒரு வாக்கியம். நீ சொன்னதுதான் சரி. அவ்வளவுதான். இரண்டு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. கீழே மெஷின்கள், மேலே வீடு. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற பனியன் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். தைத்த பீஸ் ஒவ்வொன்றும் என் மேஜைக்கு வந்த பிறகுதான் வாசலைத் தாண்டும். பிசிறு வெட்டி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று புரட்டிப் பார்த்து, தேறியதை வலது பக்கமும் தேறாததை இடது பக்கமும் தள்ளுவேன். செக்கிங். பேரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "செக்கிங் அக்கா" என்றால் நான்தான். என் கண்ணுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டைக் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு விருந்து இறங்காது.

அந்த மேஜைக்குத்தான், சினிமாவுக்குத் துணிமணி சேர்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவர் வழியாக, வினை வந்தது. ஏதோ சரித்திரப் படமாம். எடுத்து முடித்த பிறகு கடைசிக் காட்சி பிடிக்காமல் மறுபடி எடுக்கிறார்களாம். அவசரமாகப் போர்வீரர்களுக்கு உள்ளங்கி வேண்டுமாம்.

"பழசாத் தெரியணுங்க. ஆனா உடம்போட ஒட்டி நிக்கணுங்க," என்றார் ஏஜென்ட். பழசாகத் தெரிய டீத்தண்ணி நிறத்தில் சாயம். ஒட்டி நிற்கப் பனியன் துணி. எந்தப் படம் என்று கேட்டோம். "ரகசியமுங்க," என்றார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

முதல் அங்கி மேஜைக்கு வந்தது. புரட்டினேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய போர்வீரனின் பின்கழுத்தில், வெள்ளை வெளேரென்று, 'எம்' என்று சைஸ் லேபிள்.

கழுத்துப் பட்டி ஏற்றுகிற டெய்லரம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எங்களோடு வெகுகாலமாக இருப்பவள். கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நாக்கைக் கடித்தாள்.

"எக்கா, கை தன்னால வச்சிட்டுதுக்கா. கழுத்துன்னா லேபிள் வைக்கணும்லா? சும்மா விட்டா மொட்டையா இருக்கு, பாவமா இருந்துச்சு."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தாலே லேபிள் இருக்கிறதா என்று பின்கழுத்தைத் தடவிப் பார்க்கிற கைகள் அவை. எல்லா அங்கியிலும், 'எம்' கட்டு, 'எல்' கட்டு, 'எக்ஸெல்' கட்டு என்று வரிசை தப்பாமல் லேபிள் ஏறியிருந்தது. நான் உட்கார்ந்தேன். சின்னக் கத்தரியால் தையலோடு ஒட்டி ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். 'எம்' முடிந்தது. 'எல்' முடிந்தது. 'எக்ஸெல்' கட்டை அவிழ்க்கும்போது வாசலில் குட்டியானை வண்டி வந்து ஆரன் அடித்தது. என் கணவர் அந்தக் கடைசிக் கட்டை அப்படியே தூக்கித் தோளில் வைத்தார்.

"மாமா, அதை இன்னும் பாக்கலீங்க."

"நேரமாச்சு புள்ள. வண்டி நிக்குது."

"லேபிளோட போகுதுங்க. ராஜா காலத்துப் படமுங்க."

"ராஜாவா இதைப் போடப் போறான்? கூட்டத்துல கடைசியில ஈட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கறவன் போடறது. யாரு பாக்கப் போறா?"

"பாக்கறவங்க இருப்பாங்க."

"உன்னையாட்ட ஆளுதான் பாக்கோணும். கவிதை எழுதற கண்ணு அது ஊட்டுல இருக்கட்டும். இங்க லோடு போகட்டும்."

டெய்லர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. முதலாளி ஒன்று சொன்னால் சிரித்து வைப்பது மரியாதை என்கிற சிரிப்பு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கத்தரியை மேஜை மேல் வைத்தேன். நாற்காலியை உள்ளே தள்ளினேன். "சரிங்க," என்றேன். மாடியேறி வந்தவள், அப்புறம் கீழே இறங்கவில்லை. என் மேஜையை அவரே பார்த்துக்கொண்டார். மேலே சோறும் 'ங்க'வும் மட்டும் தவறாமல் பரிமாறப்பட்டன.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல்லடம் ரோட்டில் இருக்கிற ஒரு தியேட்டருக்கு, பைக்கின் பின்னால் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு உட்கார்ந்து போனேன்.

ஞாயிறு என்பதால் தியேட்டர் முழுக்கக் கம்பெனி ஜனம். ஓவர்லாக் அடிக்கிறவர், பட்டன் வைக்கிறவர், அயர்ன் பண்ணுகிறவர், டையிங்கில் வேலை செய்து நகக்கண்ணில் நீலம் ஏறியவர், தறிக்காரர், கோழிப்பண்ணைக்காரர். எங்களுக்கு முன்வரிசையில் பீகார்ப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் அரையும் குறையுமாகத்தான் தெரியும். ஆனாலும் படம் அவர்களுக்கு முழுக்கப் புரிந்தது. அந்தப் படத்தின் குறையே அதுதான்.

எனக்குக் காதல் கதை பிடிக்காது என்றில்லை. நான் போனதே ஏமாற ஆசைப்பட்டுத்தான். இந்த வயதில், முழங்கால் பிடித்துக்கொண்டு, இருட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஐயோ இப்படி ஆகுமென்று நினைக்கவே இல்லையே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெஞ்சு தடுக்கி விழ வேண்டும். அதற்காக நாலு ஊர் தாண்டிப் போகவும் தயார். இங்கே மேகத்துக்கு மேலிருந்து ஒரு கழுகு இறங்கியது. கழுகு இறங்கினால் மலை வரும். மலை வந்தால் கோட்டை வரும். கோட்டை வந்தால் மதம் பிடித்த யானை ஒன்று ஓடி வரும், அதை இளவரசன் ஒருவன் நெற்றியைத் தடவி உட்கார வைப்பான். வந்தது. ஓடியது. உட்கார்ந்தது.

அருவிக்கரையில் இளவரசி வந்தாள். ஒருவருக்கொருவர் பகை நாட்டவர் என்பது அவளுக்கும் அவனுக்கும் தெரியாது. தியேட்டரில் சோளப்பொரி விற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

"இப்பக் கொலுசு அறுந்து விழும்," என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக மரியாதை மட்டுமே பேசிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

கொலுசு அறுந்து விழுந்தது.

எனக்கு வலது பக்கத்தில் சேவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா. மடியில் வறுத்த நிலக்கடலை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, முன்னாலயே பாத்துட்டயா?"

"இல்லீங்கம்மா. இன்னிக்குத்தானுங்க."

"அப்பறமெப்படி?"

"வேற எங்கீங்கம்மா விழும்? அவன் எடுத்து வெச்சுக்கோணுமுல்லீங்க."

அவன் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பெரியம்மா ஒரு கைப்பிடி கடலையை என் உள்ளங்கையில் வைத்தார். ஜோசியக்காரிக்குத் தட்சிணை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் படத்தைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம்.

"அந்தச் சிநேகிதன் பையன் நல்லாச் சிரிக்க வெக்கறானே, அவன் என்ன ஆவான் கண்ணு?"

"இடைவேளைக்கு முன்னால செத்துருவானுங்க."

"அட சாமி! எவன் கொல்லுவான்?"

"இளவரசனோட சித்தப்பாங்க. தாடிய நீவிக்கிட்டே இருக்கறாருல்லீங்க, அவரு."

பின்வரிசைக்காரர் குனிந்து, "அக்கா, சண்டை எப்பங்க வரும்?" என்றார். அவருக்கும் சொன்னேன். என் இடது பக்கத்தில் என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "சும்மா இரு புள்ள, பாக்க உடு," என்றார். சிநேகிதன் சித்தப்பாவின் கத்திக்கு இரையாகி, இளவரசன் மடியில் நீளமாக ஒன்று பேசிவிட்டுச் செத்தான். பெரியம்மா பெருமையோடு என் தொடையில் தட்டினார். விளக்கு எரிந்தது.

இடைவேளையில் என் கணவர் சூடாக இரண்டு பப்ஸ் வாங்கி வந்தார். கண் சிவந்திருந்தது.

"எப்படிப் புள்ள இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. செட்டெல்லாம் நல்லாப் போட்டிருக்கறாங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. செட் நல்லாயிருக்கிறது என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

பப்ஸைக் கடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு லோடில் அத்தனை பீஸும் ஒன்று போலவே வந்தால் எங்கள் தொழிலில் அது திறமை. முதல் பீஸுக்கும் கடைசிப் பீஸுக்கும் நூலிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் இடது பக்கம். அப்படியே பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. இந்தப் படமும் அந்த மாதிரிதான் வந்திருக்கிறது. முன்னால் வந்த நூறு காதலுக்கும் இதற்கும் அளவு மாறவில்லை. அப்படியானால் நான் இதை வலது பக்கம் அல்லவா தள்ள வேண்டும்? கை ஏன் இடது பக்கமே போகிறது? மேஜையில் எதை ஒதுக்கித் தள்ளி என் ஆயுசைக் கழித்தேனோ, அந்த வித்தியாசத்தையே கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். பப்ஸை மென்று விழுங்கினேன்.

இடைவேளைக்குப் பிறகு இளவரசிக்குக் கட்டாயக் கல்யாணம். தாடிச் சித்தப்பாவின் மகனோடு. கோட்டைக்குள் இளவரசன் எப்படி நுழைவான் என்று பெரியம்மா கேட்டார்.

"மாறுவேசமுங்க. சாதாரணச் சிப்பாயாட்ட."

ஒரு காவல் சிப்பாயை அடித்துப் போட்டு, இருட்டு மூலையில் அவன் உடுப்பை மாட்டிக்கொண்டு, இளவரசன் பந்த வெளிச்சத்துக்குள் வந்தான். மார்பு விம்மியது. தோள் விம்மியது. துணி உடம்போடு ஒட்டி நின்றது.

டீத்தண்ணி நிறம்.

எனக்கு முதுகு நிமிர்ந்தது. கழுத்துப் பட்டியின் அகலம், தோள்பட்டைத் தையலின் சாய்வு, கை மடிப்பு... சொந்தப் பிள்ளையை ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் பார்ப்பது மாதிரி. இடது பக்கம் மூக்குறிஞ்சல் நின்றுபோயிருந்தது. திரும்பினேன். அவரும் என்னைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது.

"புள்ள," என்றார் மெதுவாக. "அது நம்முளுதா?"

"ஆமாங்க."

"எந்தக் கட்டு?"

அந்த ஆள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. 'எம்' அவனுக்குக் கையில்கூட ஏறாது. 'எல்' பிதுங்கும்.

"கடைசிக் கட்டுங்க," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். காதலால் இல்லை. பயத்தால். எனக்கும் அப்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. அந்தப் படம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, அடுத்து என்ன ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்புவானா? வாளைச் சுழற்றினான், முன்பக்கம். மதிலில் தாவினான்; பக்கவாட்டில். குதிரையில் ஏறினான்; முடி பறந்து கழுத்தை மறைத்தது. இருபது பேரை வெட்டிச் சாய்த்தான். எனக்கு அவன் உயிரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, கழுத்தைப் பற்றித்தான். "அடுத்து என்ன கண்ணு?" என்று பெரியம்மா இடித்தார். "தெரியலீங்கம்மா," என்றேன். அவர் திடுக்கிட்டுக் கடலையை மடியில் வைத்துவிட்டார்.

சித்தப்பாவின் அம்பு வந்தது. இளவரசன் முழங்காலிட்டான். இளவரசி ஓடி வந்தாள். அவன் எடுத்து வைத்த கொலுசும் அவள் கால் கொலுசும் சேர்ந்தன. வீணையும் வயலினும் நூறு பேர் குரலும் எழுந்தன. அவன் அவள் மடியில் முகம் புதைத்துக் கவிழ்ந்தான். மழை பெய்தது. கேமரா மேலிருந்து, மெல்ல, மிக மெல்ல, அவன் பின்கழுத்துக்கு இறங்கியது. அவள் விரல்கள் அவன் முடியை ஒதுக்கின.

பட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. வெள்ளை. நனைந்து, நிமிர்ந்து, திரையில் ஒரு ஜன்னல் அகலத்துக்கு: எக்ஸெல்.

வேறு ஊர்த் தியேட்டராக இருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே எல்லார் பார்வையும் கழுத்துப் பட்டியில் போய் நின்றது. அப்புறம் முன்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், எக்ஸெல்டா!"

தியேட்டர் வெடித்தது.

"ராஜாவுக்கு சைஸ் கரெக்டா உக்காந்திருக்குதுங்க!"

"வாஷ்கேர் லேபிள் எங்கடா?"

"சைடுல பாரு மாப்ள, அம்பு குத்துன எடத்துல இருக்கும்!"

"மழையில நனையுது, சுருங்குனா எல் ஆயிரும்டோய்!"

பீகார்ப் பையன்கள் "எக்ஸெல், எக்ஸெல்" என்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். திரையில் இளவரசி கதறிக்கொண்டிருந்தாள். அவள் கதறக் கதற இங்கே சிரிப்பு ஏறியது. என் கணவர் இருக்கையில் சறுக்கி, தலை மட்டும் தெரிகிற அளவுக்குக் கீழே போய்விட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவரின் குரல். அந்தத் தொனி எனக்குத் தெரியும்.

"எவடா இதைச் செக்கிங் பாத்தது? கண்ணு பொடனியில இருந்துச்சா?"

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. என் காது சுட்டது. இருட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருந்தது. பிடித்திருந்த கையை உருவிக்கொண்டேன்.

இருக்கைக்கு அடியில் போயிருந்த மனிதர் எழுந்தார். நடுவரிசையில், திரை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, முழுசாக எழுந்து பின்னால் திரும்பி நின்றார்.

"செக்கிங் மேல தப்பில்லீங்க!" என்றார். குரல் உடைந்திருந்தது. "செக்கிங்ல அன்னிக்கே சொன்னாங்க. நான்தானுங்க கேக்காம வண்டியில ஏத்தி உட்டேன்!"

தியேட்டர் முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. பிறகு எழுந்த ஆரவாரம் கதாநாயகன் அறிமுகக் காட்சிக்குக்கூட எழவில்லை. விசில் பறந்தது. "அண்ணா, உக்காருங்கண்ணா, ராஜா சாகறாரு!" என்று ஒருவர் கத்தினார். பெரியம்மா என் காதில் குனிந்து, "ஆரு கண்ணு அது, உன்ற ஊட்டுக்காரரா?" என்றார். ஆமாங்கம்மா என்றேன். "நல்ல மனுசன்தான்," என்று அவர் பக்கமாகக் கையை நீட்டிக் கடலை கொடுத்தார்.

திரையில் இளவரசனின் விரல் ஒன்று அசைந்தது. தொடரும் என்று எழுத்து வந்தது. அதை நான் கொலுசு விழுந்தபோதே சொல்லியிருப்பேன்.

வெளியே பைக் எடுக்கும் இடத்தில் என் கணவரைச் சுற்றி ஒரு கூட்டம். கை குலுக்குகிறவர், முதுகில் தட்டுகிறவர். "லேபிள் நல்லா நின்னுதுங்க, அம்பு பட்டும் பிரியலையே" என்று ஒருவர் தையலை மெச்சினார். லேபிள் தயாரிக்கிறவர் ஒருவர் விசிட்டிங் கார்டு கொடுத்தார். கூட்டம் கலையும்போது என் கணவருக்குக் கொஞ்சம் தலைகூட நிமிர்ந்துவிட்டது. பைக்கை உதைத்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சொல்லிப் போட்டேனில்ல புள்ள? எல்லாருத்துக்கும் முன்னாலயே சொல்லிப் போட்டேன்."

எனக்குள் ஏதோ இளகித்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் செக்கிங்.

"இருட்டுல சொன்னீங்க மாமா. மூஞ்சி தெரியாத ஜனத்துகிட்டச் சொன்னீங்க. என்னை ஊட்டுக்குப் போகச் சொன்னது அங்கயா?"

 இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் 'மாமா' என்று கூப்பிட்டதை அவர் கவனித்துவிட்டார். மேடு பள்ளத்தைப் பார்த்து, வெகு ஜாக்கிரதையாக ஓட்டினார். நடுவிலிருந்த இடைவெளி, நான் ஒன்றும் செய்யாமலே, ரோட்டின் குலுக்கலில் பாதியாகக் குறைந்திருந்தது.

மறுநாள் காலை கீழே மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. கரண்ட் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"புள்ள! சித்தெ கீழ வா!"

இறங்கினேன். மெஷின்களின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார். டெய்லர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். சங்கதி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது என்பது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது. போனில், எல்லோருக்கும் கேட்கும்படி, ஏஜென்ட்.

"படம் பிச்சிக்கிட்டுப் போகுதுங்கண்ணா! ரெண்டாம் பாகத்துக்கு அதே அங்கி வேணுமுங்க. செத்தவரு அதே துணியோடதான் எந்திரிக்கறாரு. ஒரு நூல் மாறக்கூடாதுன்னு சொல்றாங்க. அதே மாதிரி. அச்சு அசல்."

"ஒரு நிமிசமிருங்க," என்றார் என் கணவர். "எங்க செக்கிங்ல கேக்கோணும்." போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வேர்த்திருந்தது. மழை இல்லை, வீணை இல்லை. காற்றில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு இதே எடத்துல நின்னுதான் சொன்னேன். கவிதை எழுதற கண்ணு ஊட்டுல இருக்கட்டும்னு. அது தப்பு. நீ சொன்னதுதான் சரி. அந்தக் கண்ணு இங்கதான் இருக்கோணும்." நிறுத்தினார். அடுத்து என்ன என்று அவருக்கே தெரியவில்லை. டெய்லர்கள் பக்கம் திரும்பினார். "வேறென்ன சொல்லோணும்?"

"மன்னிச்சிருன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் கழுத்துப் பட்டி டெய்லரம்மா.

"அதுவுந்தான்," என்றார்.

இதை எந்தப் படத்தில் எழுதியிருந்தாலும் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"எக்கா," என்று டெய்லரம்மா கையைத் தூக்கினாள். "இப்ப லேபிள் வைக்கணுமா, வேண்டாமா? அச்சு அசல்னு சொல்லுதாரே?"

சினிமாக்காரர்கள் ஒருவர் கண்ணிலும் அது இன்னும் படவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அத்தனை கண்ணும் என் மேல் நின்றது. யோசித்தேன்.

"வேண்டாம்," என்றேன். "செத்தவனே எந்திரிச்சு வர்றான். லேபிள் போனதையா கேக்கப் போறாங்க?"

சிரித்தார்கள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. என் கணவர் மெயினைப் போட்டார். மெஷின்கள் உறுமின. நாற்காலியில் படிந்திருந்த பஞ்சுத் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு, வலது பக்கம் தேறியது என்று அடுக்கியிருந்த குழந்தை பனியன் கட்டிலிருந்து ஒன்றை உருவி விரித்தேன். இடது கையைவிட வலது கை இரண்டு விரல் நீளம். இன்னொன்றை எடுத்தேன். அதுவும். அதற்கு அடியிலிருந்ததும்.

"ஏனுங்க," என்றேன். "இந்தக் கட்டை யாருங்க பாத்தது?"

வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"நான்தான் புள்ள. ஏன்?"

"அப்படிங்களா," என்றேன். "நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க. சித்தெ இப்படி வந்து உக்காந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."